வீட்டிலேயே இங்கிலீஷ் பிட்டர்: மால்ட்டிலிருந்து ஏல் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் பலர் கடையில் கிட் வாங்கி பியர் செய்து பார்த்திருப்பார்கள். டின்னில் இருக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி, மூடி வைப்பதோடு வேலை முடிந்துவிடும். வருவது குடிக்கும்படி இருக்கும். ஆனால் நல்ல பப்பில் காஸ்க் என்ற பீப்பாயிலிருந்து இழுத்துத் தரும் பிட்டரின், அதாவது லேசான கசப்புள்ள இங்கிலீஷ் பியரின், ருசி அதில் இருக்காது. அந்த ருசிக்கு மால்ட்டை நாமே ஊறவைத்துத் தொடங்க வேண்டும். அதை முயல நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பளபளக்கும் பாத்திரங்களில் பணத்தைப் போடாதீர்கள். பிட்டர் போன்ற இங்கிலீஷ் ஏல் வகைப் பியரை நல்லதாக்குவது தண்ணீரும் ஈஸ்டும்தான்.

வீட்டில் பியர் செய்வது சட்டப்படி சரியா?

பிரிட்டனில் சரி. சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், வரி கிடையாது, விற்கத்தான் கூடாது. முன்பு இப்படி இல்லை. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி பியருக்கு வரி போட்டபோது, வீட்டில் காய்ச்சுபவர்களும் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்த பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு வெளிப்படையாக வளர்ந்தது. பியரை வடித்து சாராயமாக்குவது வேறு விஷயம், உரிமம் இல்லாமல் அது குற்றம்.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி எந்த மதுவையும் தயாரிக்க முடியாது. வீட்டு பியரும் அதில் அடக்கம். அங்கே இருப்பவர்கள் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆல்-கிரெய்ன் முறை என்றால் என்ன?

பாகு வாங்காமல் மால்ட்டை நாமே ஊறவைத்துத் தொடங்குவது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்தால் மால்ட். கேழ்வரகை முளைகட்டி மாவாக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. முளைக்கும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உருவாகின்றன. உடைத்த மால்ட்டைச் சுமார் 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அந்த நொதிகள் வேலையை முடித்து, இனிப்பான சாறு கிடைக்கும். ஊறவைப்பதற்கு மாஷ் என்றும் சாறுக்கு வொர்ட் என்றும் பெயர். வொர்ட்டை ஹாப்ஸோடு (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறோம். கிட்டில் இந்தச் சாறு எடுக்கும் வேலையைத் தொழிற்சாலை செய்து, பாகாகச் சுண்டவைத்து டின்னில் அடைத்துவிடுகிறது. அந்த வேலையை நாமே செய்தால் பியரின் உடலும் (வாயில் உணரும் கனம்) இனிப்பும் நிறமும் நம் கைக்கு வரும்.

முதல் தடவை எதைச் செய்வது?

ஆர்டினரி பிட்டர். ஆல்கஹால் 4 சதவீதத்துக்குள், செம்பு நிறம், மிதமான கசப்பு. பலர் எடுத்த எடுப்பிலேயே 7 சதவீத ஐபிஏவுக்கு (ஹாப்ஸ் தூக்கலான இந்தியா பேல் ஏல்) போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் ஹாப்ஸின் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும், மால்ட்டும் ஈஸ்டும் என்ன செய்தன என்றே தெரியாது. மெல்லிய பிட்டரில் எதையும் ஒளிக்க முடியாது, அதனால் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். மால்ட் குறைவு என்பதால் செலவும் குறைவு. மூன்று நான்கு வாரத்தில் குடிக்கத் தயாராகிவிடும்.

என்னென்ன பாத்திரம் வேண்டும்?

மால்ட்டை வலைப்பையில் போட்டு ஒரே பானையில் செய்யும் பை முறை போதும். 35 லிட்டர் பானை, அதற்குள் அடங்கும் நைலான் வலைப்பை, நல்ல தெர்மாமீட்டர், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், மூடியுள்ள 25 லிட்டர் வாளி, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக், சைஃபன் குழாய், வொர்ட்டை ஆறவைக்கச் செம்புச் சுருள் குழாய். இவ்வளவுதான். பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் கூல் பாக்ஸில் குழாய் பொருத்தி மாஷ் செய்பவர்களும் உண்டு, அது சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். கம்ப்யூட்டர் வைத்த மின்சாரப் பானைகள் வசதிதான், ஆனால் அவை ருசியைக் கூட்டித் தராது.

தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2 டிகிரி தவறாகக் காட்டினால் பியரின் தன்மையே மாறிவிடும். கொதிக்கும் நீரிலும் உருகும் ஐஸிலும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மால்ட் வாங்குவது?

மாரிஸ் ஆட்டர். 1960களில் கேம்பிரிட்ஜின் தாவர இனப்பெருக்க நிறுவனத்தில் உருவான குளிர்காலப் பார்லி ரகம் இது. அந்த நிறுவனம் இருந்த மாரிஸ் லேன் என்ற தெருவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏக்கருக்கு அதிகம் விளையும் புதிய ரகங்கள் வந்தபோது இது அழியும் நிலைக்குப் போனது. ருசிக்காக இதையே கேட்ட மதுபான ஆலைகளும், விதையைக் காப்பாற்றிய வணிகர்களும் இருந்ததால் பிழைத்தது. பிஸ்கெட் போன்ற மணம், மாஷில் பெரிதாகத் தொந்தரவு செய்யாத சுபாவம். ஸ்காட்லாந்தோடு சேர்த்துப் பேசப்படும் கோல்டன் பிராமிஸும் அருமையான மால்ட், யார்க்ஷயரின் கீத்லியில் டிமோதி டெய்லர் ஆலை லேண்ட்லார்ட் ஏலை அதில்தான் செய்கிறது.

இதோடு கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட். நிறமும் டாஃபி ருசியும் அதிலிருந்து வருகின்றன. மொத்த மால்ட்டில் 5 சதவீதம் போதும். 10ஐத் தாண்டினால் திகட்டும். கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். உடைத்த மால்ட்டைச் சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

குழாய்த் தண்ணீரையே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அப்படியே அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் குளோரின். பல ஊர்களில் தண்ணீரில் குளோரமைன் சேர்க்கிறார்கள், கொதிக்கவைத்தாலும் அது எளிதில் போகாது. மால்ட்டோடும் ஈஸ்டோடும் சேர்ந்து ஆஸ்பத்திரி வாடையைக் கொண்டுவந்துவிடும். 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்குங்கள், சில நிமிடங்களில் தீர்ந்தது. இத்தனை மலிவான மருந்து இந்த வேலையில் வேறு கிடையாது.

அடுத்தது காரத்தன்மை. லண்டனில் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் இந்தத் தண்ணீர் மாஷின் பிஹெச் அளவை உயர்த்திவிடும். மாஷ் 5.3இலிருந்து 5.5க்குள் இருந்தால்தான் நொதிகள் நன்றாக வேலை செய்யும், கசப்பும் உறுத்தாது. கருக வறுத்த மால்ட் அமிலத்தன்மை உள்ளது, காரத்தை ஈடுகட்டிவிடும். லண்டன் ஒரு காலத்தில் கறுப்பான போர்ட்டர் பியருக்குப் பேர்போன ஊராக இருந்ததில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வெளிர் மால்ட்டில் செய்யும் பிட்டருக்கு நாம்தான் காரத்தைக் குறைக்க வேண்டும். முந்தைய இரவு தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் இறுத்து எடுப்பது பழைய வழி. ஹோம்ப்ரூ கடைகளில் கிடைக்கும் சி.ஆர்.எஸ். என்ற அமிலக் கலவையைச் சேர்ப்பது சுலபமான வழி. எவ்வளவு சேர்ப்பது என்று அறிய, மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் காரத்தன்மை சோதனைக் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறுவனத்தின் அறிக்கையில் இருப்பது சராசரி எண், உங்கள் குழாயில் இன்று வருவது அதுவாக இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். பர்ட்டன்-அப்பான்-ட்ரென்ட் ஊரின் கிணறுகளில் இது இயற்கையாகவே மிகுதி. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் ஏல்கள் புகழ்பெற்றதற்கு இந்தத் தண்ணீர் பெரிய காரணம். சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கி, குடித்து முடித்ததும் வாயை உலர்வாக விடும். மற்ற ஊர் ஆலைகள் ஜிப்சம் கலந்து பர்ட்டனைப் பின்பற்றின. நமக்குப் பர்ட்டன் அளவு தேவையில்லை. 28 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் சல்ஃபேட் கூடும், பிட்டருக்கு அது நல்ல தொடக்கம். மான்செஸ்டர், பர்மிங்ஹாம் வாசிகளுக்கு மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து மென்மையான தண்ணீர் வருகிறது. அவர்கள் அமிலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஜிப்சம் மட்டும் சேர்த்தால் பெரும்பாலும் போதும்.

அளவுகளைச் சொல்லுங்கள்.

வாளியில் 20 லிட்டர் சேர்வதற்கு: மாரிஸ் ஆட்டர் 3.5 கிலோ, நடுத்தரக் கிரிஸ்டல் 200 கிராம், தண்ணீர் 28 லிட்டர். கொதி தொடங்கியதும் கிழக்குக் கென்ட்டின் கோல்டிங்ஸ் (East Kent Goldings) ஹாப்ஸ் 40 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கும்போது 20 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னும் 20 கிராம். ஹாப்ஸில் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்று வைத்துச் சொல்கிறேன், பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் முதல் அளவைக் கூட்டிக் குறையுங்கள். தொடக்க அடர்த்தி 1.040 அருகே வரும், முடிவில் 1.010. ஆல்கஹால் சுமார் 3.9 சதவீதம், கசப்பு 30 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) அளவில்.

மாஷ் வெப்பநிலையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

இரண்டு நொதிகள் இதில் முக்கியம். பீட்டா அமிலேஸ் 60 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும், ஈஸ்ட் முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமிலேஸுக்கு 70 டிகிரிக்குப் பக்கம்தான் வசதி, அது விட்டுவைக்கும் நீளமான சங்கிலிகளை ஈஸ்டால் தின்ன முடியாது, பியருக்கு உடல் தருவது அவைதான். 64இல் மாஷ் செய்தால் உலர்ந்த, மெல்லிய பியர். 69இல் செய்தால் கனமான, இனிப்புச் சாயல் உள்ள பியர். 4 சதவீத பிட்டர் தண்ணீராகத் தெரியக் கூடாது, அதே சமயம் இரண்டாவது பைண்ட்டும் குடிக்கத் தோன்ற வேண்டும். அதற்கு 66, 67 டிகிரி சரியாக இருக்கும்.

பை முறையில் தண்ணீரை 69 டிகிரிக்குச் சுடவைத்து மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் 66, 67க்கு இறங்கும். கூல் பாக்ஸில் 10 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும் என்பதால் 74 டிகிரியில் தொடங்க வேண்டும். கட்டி இல்லாமல் கிளறுங்கள், கட்டிக்குள் மாவு காய்ந்தே இருந்துவிடும். அப்புறம் பானையைப் போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். நடுவில் 1 டிகிரி இறங்கினால் பதற்றம் வேண்டாம். சர்க்கரையாகும் வேலையில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே முடிந்துவிடுகிறது.

ஸ்பார்ஜ் (மால்ட்டில் மறுபடி வெந்நீர் ஊற்றி மீதிச் சாற்றை எடுப்பது) செய்ய வேண்டுமா?

பை முறையில் அவசியமில்லை. பையைத் தூக்கி, வடியவிட்டு, பிழிந்தால் போதும். கூல் பாக்ஸில் செய்பவர்கள் முதல் சாற்றை இறக்கிவிட்டு, மீதித் தண்ணீரை 75 டிகிரிக்கு மேல் சுடவைத்து ஊற்றி, கிளறி, மறுபடி வடிக்க வேண்டும். 80 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

அமெரிக்க ஹாப்ஸ் போடலாமா?

போடலாம், ஆனால் அது வேறு பியராகிவிடும். கோல்டிங்ஸில் தேன், மண், லேசான மசாலா மணம். ஃபகிள் கொஞ்சம் மரத்தன்மையோடு இருக்கும். சேலஞ்சர் கசப்புக்கும் வாசனைக்கும் இரண்டுக்குமே நல்லது. மாம்பழமும் திராட்சைப்பழமும் மணக்கும் ஹாப்ஸ்களுக்கு முன்னால் இவை அமைதியானவை. மால்ட்டோடு சேர்ந்து ஒலிக்கும் அந்த அமைதிக்காகத்தான் இவற்றை நான் விரும்புகிறேன். வாங்கும்போது அறுவடை ஆண்டைப் பாருங்கள், மீதியைக் காற்றுப்புகாமல் ஃப்ரீசரில் வையுங்கள். சீஸ் வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது?

ஒரு மணி நேரம், மூடாமல், புரளும்படி. கடைசி 10 நிமிடத்தில் ஐரிஷ் மாஸ் சேர்த்தால் புரதங்கள் திரண்டு அடியில் படியும். பிறகு செம்புச் சுருளில் குளிர்ந்த நீர் ஓடவிட்டு 18 டிகிரிக்கு இறக்குங்கள். இந்தக் கட்டத்திலிருந்து வொர்ட்டைத் தொடும் எதுவும் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். வாளியில் உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்கவிடுங்கள், ஈஸ்ட்டுக்குத் தொடக்கத்தில் ஆக்சிஜன் வேண்டும். புளிக்கத் தொடங்கிய பிறகு காற்று படவே கூடாது.

எந்த ஈஸ்ட்?

இங்கிலீஷ் ஏலின் குணத்தில் பாதி ஈஸ்ட்டிலிருந்து வருகிறது. அமெரிக்க ஏல் ஈஸ்ட் சுத்தமாக வேலை செய்து ஒதுங்கிவிடும். இங்கிலாந்தின் ஈஸ்ட்கள் பழ வாசனையைப் பியரில் விட்டுச் செல்லும். சிஸிக்கில் கிரிஃபின் ஆலையில் ஃபுல்லர்ஸ் பயன்படுத்தும் ஈஸ்ட்டில் ஆரஞ்சு மார்மலேட் மணம் உண்டு. வயீஸ்ட் 1968, ஒயிட் லேப்ஸ் 002 என்ற பெயர்களில் கிடைக்கும் திரவ ஈஸ்ட்கள் அந்த வம்சம் என்று ஹோம்ப்ரூ வட்டாரத்தில் கருதப்படுகிறது. சீக்கிரம் திரண்டு அடியில் இறங்கிவிடும், பியர் பளிச்சென்று தெளியும். ஆனால் வேலை முடியுமுன்னே தூங்கிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. அடர்த்தி 1.016 அருகே நின்றுவிட்டால் வாளியை மெதுவாகச் சுழற்றி ஈஸ்ட்டை எழுப்பி, 20 டிகிரிக்கு உயர்த்துங்கள்.

முதல் தடவைக்கு உலர் ஈஸ்ட் போதும். எஸ்-04, 11.5 கிராம் பாக்கெட் ஒன்று. நாட்டிங்ஹாம் என்ற ஈஸ்ட் இன்னும் சுத்தமானது, பழ மணம் குறைவு. லண்டன் (முன்பு லண்டன் இஎஸ்பி) என்ற உலர் ஈஸ்ட் மால்ட்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடாது, அதனால் பியர் கொஞ்சம் இனிப்பாக முடியும். அதைப் போட்டால் மாஷை 65 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஈஸ்ட் ஆனாலும் 18 டிகிரியில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் 20க்கு ஏறவிடுங்கள். புளிக்கும்போது வொர்ட் தானே சூடாகும், அறையைவிட 2, 3 டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். கோடையில் வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஐஸ் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்தால் தாக்குப்பிடிக்கலாம். 24, 25 டிகிரிக்குப் போனால் பெயின்ட் தின்னர் வாடை வரக்கூடும்.

புளித்து முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

ஏர்லாக்கில் குமிழி வருவதை நம்பாதீர்கள், மூடி இடுக்கில் காற்று போனால் குமிழி வராது. ஹைட்ரோமீட்டரில் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால் முடிந்தது. அப்போதும் உடனே பாட்டிலில் அடைக்க வேண்டாம். ஈஸ்ட் உண்டாக்கிய டையசிட்டைல் பாப்கார்ன் வெண்ணெய் போல மணக்கும், அதே ஈஸ்ட்தான் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். இன்னும் இரண்டு மூன்று நாள் 20 டிகிரியில் விடுங்கள். மொத்தம் 10 நாள் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டிலா, காஸ்க்கா?

20 லிட்டருக்கு 80 முதல் 90 கிராம் சாதாரணச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கலந்து பாட்டிலில் அடையுங்கள். கிட் தாள்களில் இதைவிட அதிகம் போடச் சொல்வார்கள், அது லாகருக்குச் சரி, பிட்டருக்கு வாயைக் குத்தும். வீட்டு வெப்பத்தில் இரண்டு வாரம், பிறகு குளிர்ந்த இடத்தில். பியருக்கான தடித்த பாட்டில்கள் மட்டுமே வேண்டும், மெல்லிய கண்ணாடி வெடிக்கும். பிளாஸ்டிக் பிரஷர் பேரல் வைத்திருந்தால் 50 கிராம் சர்க்கரை போதும், பப் பியருக்கு நெருக்கமாக வரும்.

குடிக்கும்போது 12 டிகிரி அளவில் இருக்கட்டும், பப் நிலவறையின் வெப்பம் அதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே வைத்துக் குடியுங்கள். சில்லென்று குடித்தால் கோல்டிங்ஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

சைவ உணவுக்காரர்கள் குடிக்கலாமா?

அருமையான கேள்வி. காஸ்க் ஏலைத் தெளியவைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம், அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. அதனால் பப்பில் பல பிட்டர்கள் சைவமல்ல. வீட்டில் அது தேவையே இல்லை. கொதியில் சேர்க்கும் ஐரிஷ் மாஸ் கடற்பாசி. தெளிய வேண்டுமானால் ஒரு வாரம் குளிரில் வைத்தால் போதும். சைவ வீட்டில் நாமே செய்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

மிச்சமாகும் மால்ட் சக்கையை என்ன செய்வது?

செடிகளுக்கு உரமாக்கலாம், கோழி வளர்ப்பவர்களிடம் கொடுக்கலாம். ஒரு பிடி எடுத்து ரொட்டி மாவிலோ அடை மாவிலோ சேர்க்கலாம், அடை மாவுக்கு உமி போக நன்றாக அரைக்க வேண்டும். கொதித்த ஹாப்ஸை மட்டும் நாய்க்கு எட்டாமல் போடுங்கள். நாய்களுக்கு அது கொடிய விஷம், உடல் சூடு ஏறி உயிரே போகும்.

அடுத்து எதைச் செய்யலாம்?

ஒரே மாஷிலிருந்து இரண்டு பியர் எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் பழைய பார்ட்டி-கைல் முறை அது. முதலில் வடியும் அடர்ந்த சாற்றையும், இரண்டாவது தண்ணீர் ஊற்றி வடிக்கும் மெல்லிய சாற்றையும் தனித்தனியாகக் கொதிக்கவைத்து, வேண்டிய விகிதத்தில் கலப்பார்கள். ஃபுல்லர்ஸின் இஎஸ்பி (எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்), லண்டன் பிரைட் என்ற இரண்டு ஏல்களும் இப்படி ஒரே மால்ட் கலவையிலிருந்து பிறந்தவைதான். வீட்டில் இதற்குக் கூல் பாக்ஸ் மாஷ் வசதி. 6 கிலோ மால்ட் போட்டால் முதல் சாற்றில் 10 லிட்டர் வலுவான ஏலும், இரண்டாவதில் 10 லிட்டருக்கு மேல் மெல்லிய பிட்டரும் கிடைக்கும். மெல்லியதற்கு ஹாப்ஸைக் குறைத்துப் போடுங்கள், அதே அளவு போட்டால் கசப்பு மட்டும்தான் தெரியும். பிட்டரை அந்த மாதமே குடித்துவிடலாம், வலுவானதை அடுத்த குளிர்காலம் வரை பாட்டிலில் விட்டுவையுங்கள்.